சீனத்துக் குருவும் என் மொட்டைத் தலையும்

என் தலைமுடியை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஏழுமலையானுக்கு நேர்ந்துவிட்டவர் என் தாய்மாமா. வேலை நிரந்தரமாக வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். தலை மட்டும் என்னுடையது. முப்பது வயதுக்குள்ளேயே அவருக்கு முடியெல்லாம் கொட்டிப்போய்க் காதோரம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அதைக் கொடுத்தால் சாமி என்ன நினைக்கும் என்று கூச்சப்பட்டு, இடுப்பு வரை தொங்கிய என் பின்னலைக் காட்டிவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நைனாவின் இரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். மாமா திருத்தணியிலிருந்து வந்து எங்களோடு தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீ சிட்டிக்குப் போய்வந்தார். அங்கே ஒரு தொழிற்சாலையில் அவருக்குக் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆனால்தான் பெண் தருவோம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். மாமாவோ அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நின்றார். வேண்டுதல் பலித்த பிறகு முடி கொடுப்பதுதான் வழக்கம். அவருக்கு அந்தப் பொறுமையும் இல்லை. அட்வான்ஸாகவே கொடுத்துவிடலாம் என்றார்.

திருமலையில் முடி எடுக்கும் கூடத்தில் நான் போட்ட கூச்சலுக்கு வரிசையே திரும்பிப் பார்த்தது. நாவிதர், "தல வஞ்சு பாப்பா," என்று தெலுங்கில் அதட்டி என் தலையைக் குனியவைத்தார். பத்து வருடம் அம்மா எண்ணெய் தடவி வளர்த்தது ஐந்து நிமிடத்தில் ஈரத் தரையில் கிடந்தது. மொட்டையில் சந்தனத்தை அப்பிக் கீழே கூட்டிவந்தார்கள். பள்ளி ஆண்டு விழாக் கோலாட்டத்தில் பின்னலில் குஞ்சலம் வைத்து ஆட என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது போயிற்று. ஊரில் பார்ப்பவர்கள் எல்லாம், "திருப்பதியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலைக்கு அதற்குமேல் மரியாதை கிடையாது.

மூன்று நாள் மாமாவோடு பேசவில்லை. சமாதானத்துக்கு அவர் கையில் எடுத்தது சீனப் படங்களை. அவருக்கு அந்தப் பைத்தியம் முன்பே உண்டு. பென் டிரைவில் முப்பது நாற்பது படம் வைத்திருந்தார், எல்லாம் தெலுங்கில் பேசும். சக்கரவர்த்தி ஆயிரம் குதிரைகளோடு வருவார். மூங்கில் நுனியில் நின்றுகொண்டு இரண்டு பேர் வாள் வீசுவார்கள். பட்டுத் துணி காற்றில் அரை மணி நேரம் பறக்கும். இவற்றில் மலைமேல் இருக்கும் மடத்துத் துறவிகள் அத்தனை பேரும் மொட்டை.

"பாத்தியா பாப்பா? மொட்டை அடிச்சவன்தான் பறக்கறான். முடி வச்சிருக்கறவன் எல்லாம் அடி வாங்கினு கெடக்கறான்," என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடனே அமெரிக்காக்காரனைக் கூப்பிடுவார். அது அவருடைய கடைசி அஸ்திரம். "இந்தப் படத்த அமெரிக்காக்காரன் கீழ ஓடற எழுத்த படிச்சிக்கினு பாத்திருக்கான், எழுந்து நின்னு கை தட்டியிருக்கான். உனக்குத் தெலுங்குல கெடைக்குது, உனக்கு இன்னா வந்துச்சு?" ஊரில் எவனுக்கு எது பிடித்தாலும் அவருக்குப் பொருட்டில்லை. வெள்ளைக்காரனுக்குப் பிடித்துவிட்டால் அதற்குமேல் பேச்சே இல்லை. படம் பார்த்தேன். வெட்கமில்லாமல் எனக்கும் பிடித்துப்போயிற்று.

பத்து நாள் கழித்து மாமா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அவருடைய பிரிவுக்குச் சீனாவிலிருந்து புதிதாக வந்திருக்கும் இன்ஜினியரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். யார் பெர்மனென்ட் என்று எழுதிக் கொடுப்பது அவர்தான். வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, கம்பெனி விடுதியையும் தொழிற்சாலையையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அவருக்கு அவர் ஊர்ப் படத்தையே போட்டுக் காட்டி, கூடவே என்னையும் துறவி வேஷத்தில் ஆடவிட்டால் மனிதர் உருகிவிடுவார் என்பது மாமாவின் கணக்கு. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் போடும் என்று நைனா தறிகளை நிறுத்தவேண்டியதாயிற்று. நிறுத்தியதோடு இல்லாமல் அவருடைய காவி நிறப் பாலியெஸ்டர் துணியில் மூன்று மீட்டர் என் உடம்பில் ஏறியது.

வந்தவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஆப்பிள் பழப் பையோடு நின்றார். கத்திரி வெயில். கறி வறுவலைத் தொட்டுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். "வெறும் வடைய துன்னுக்கினு ஒக்காந்திருக்காரே," என்று அம்மா உள்ளே புலம்பினாள். மாமா படத்தைப் போட்டார். இன்ஜினியர் மரியாதைக்குப் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு போனில் ஏதோ பேசி, அது ஆங்கிலமாக்கிக் காட்டியதை மாமாவிடம் நீட்டினார். மாமா விரல் வைத்துப் படித்தார். அவர் இந்தப் படத்தைப் பார்த்ததில்லையாம். இந்த மாதிரிப் படங்கள் வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் பிடிக்குமாம். அவர் ஊரில் அவ்வளவாக ஓடவில்லையாம்.

மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும். சொந்தச் சரக்கின் அருமை தெரியாதவனிடம் மாட்டிக்கொண்டோமே என்ற எரிச்சல். விட்டாரா? என்னைத் தள்ளிவிட்டார். துடைப்பக் கட்டையோடு கூடத்தில் குதித்தேன், சுழன்றேன், நாற்காலியிலிருந்து பாய்ந்தேன். அந்த வெயிலில் அந்தத் துணியோடு நான்காவது சுற்றில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஜினியர் சிரிக்கவில்லை, கை தட்டவும் இல்லை. எழுந்துவந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். அவருடைய மகள், என் வயதுதான், இரண்டு பின்னல். பிறகு மாமா பக்கம் திரும்பிப் போனில் ஏதோ பேசி நீட்டினார். மாமா படித்தார். என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அடுத்த மாதமே மாமா பெர்மனென்ட். ஏழுமலையானுக்குப் பாதி, துறவி ஆட்டத்துக்குப் பாதி என்று வெற்றியைப் பங்கிட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணையே கட்டினார். அதற்கு முன்பே இன்ஜினியர் வீட்டிலிருந்து எனக்கு ஒரு பொட்டலம் வந்திருந்தது. சிவப்புக் கம்பளிக் குல்லா, அதோடு சீன எழுத்தில் ஒரு சீட்டு. "இந்த வெயில்ல கம்பளியா? அந்த ஆளுக்கு இன்னா ஆச்சு?" என்றாள் அம்மா. குல்லா பீரோவுக்குள் போயிற்று. முடி தன்பாட்டுக்கு வளர்ந்தது.

போன வருடம் பீரோவை ஒழிக்கும்போது குல்லா கிடைத்தது, உள்ளே சீட்டும் இருந்தது. போன் கேமராவை அதன்மேல் பிடித்தேன். "தங்கச்சி, சீக்கிரம் குணமாகிவிடு. மருந்தை நிறுத்தினால் முடி திரும்ப வளருமாம். அதுவரை இதைப் போட்டுக்கொள். நானே பின்னினேன்."

உடனே மாமாவைக் கூப்பிட்டேன். இப்போது சூப்பர்வைசர், இரண்டு பிள்ளைகள். முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். "அந்தப் பொண்ணுக்குப் பெரிய வியாதியான்னு கேட்டாரு பாப்பா. நான் வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லல. தலைய ஆட்டினேன், அவ்ளோதான். நீ குடுத்த முடிதானே எனக்கு வேல வாங்கிக் குடுத்துச்சு, வீணாப் போவலையே?"

இந்த மனிதரை என்ன செய்வது? திட்டித் தீர்த்துவிட்டுப் போனை வைத்தேன். எங்கேயோ ஒரு பெண், முன்பின் பார்க்காத எனக்காக, ஒவ்வொரு கண்ணியாகப் பின்னியிருக்கிறாள். பிழைத்தேனா என்றுகூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் மாமாமேல் இருக்கும் கோபத்தில் பாதி என்மேலேயே திரும்புகிறது.

அன்று கிளம்பும்போது அவள் அப்பா வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். வேஷத்துக்காக மறுபடி பூசிய சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த என் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. குரு தன் சக்தியையெல்லாம் சீடனுக்குள் இறக்குவது இப்படித்தான் என்று படம் பார்த்து எனக்குத் தெரியும். அதனால் கண்ணை மூடி, கையைக் கூப்பிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நின்று, அவர் கொடுத்ததை முழுவதும் வாங்கிக்கொண்டேன்.