ஹேமநாதனின் மதத்தில் ஆரஞ்சு கிடையாது

செல்லப்பன் மகன் ஹேமநாதன் சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னான் என யாராவது சொன்னால், பண்டார் தெங்காரா ஊரில் சொன்னவரைத்தான் கிளினிக்குக் கூட்டிப் போவார்கள். கடைத்தெரு ரொட்டி சானாய் கடையில் அவன் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டாலே நாலு மாவு உருண்டை கல்லுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்படிப்பட்டவன் ஸ்பெயின் நாட்டில், சாப்பாடு நிறைந்த ஒரு வீட்டில், ஒன்பது நாள் அரைப்பட்டினி கிடந்தான். அதற்குக் காரணம் அவனுடைய வாய்தான்.

போனது படிக்கத்தான். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். எல்லாப் பாடமும் முடிந்து, வேற்றுமொழிப் பாடம் ஒன்று மட்டும் மூன்று கிரெடிட்டுக்கு நின்றது. மாண்டரின் வகுப்பு நிரம்பிவிட்டது. ஜப்பானிய மொழியும் நிரம்பிவிட்டது. ஸ்பானிய மொழியில் இடம் இருந்தது. இங்கேயே உட்கார்ந்து படித்தால் இரண்டு பருவம் ஆகும். சலமான்கா என்ற ஊருக்குப் போய், ஒரு குடும்பத்தோடு தங்கி, மொழியும் அங்குள்ள வாழ்க்கையும் கற்றுக்கொண்டால் நான்கே வாரம். வருகிற அக்டோபரில் பட்டமளிப்பு.

அந்த அக்டோபருக்காக வீட்டில் நாலு வருடமாக ஒரு ஆணி காத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே, பாம் ஆயில் ஆலையில் லாரி ஓட்டும் செல்லப்பன், வரவேற்பறைச் சுவரில் அதை அடித்துவிட்டார். அங்கியோடு மகன் நிற்கும் படத்துக்காக. அவர் குடும்பத்திலும் சரி, மனைவி கஸ்தூரி குடும்பத்திலும் சரி, அதுவரை யாரும் அங்கி போட்டதில்லை. படம் வரும்வரை ஆணி சும்மா இருக்க வேண்டாம் என்று மளிகைக் கடைக் காலண்டரை மாட்டி வைத்திருந்தார்கள்.

விரிவுரையாளர் லோஷினி முதலில் "ஸ்பெயினுக்குப் போறீங்களா ஹேமா?" என்று கேட்டபோது அவன், "பரவால்ல டாக்டர், வேற யாராச்சும் போகட்டும்," என்றான். பிறகு இரண்டு நாள் அவர் அறைக்கு வெளியே காரணமில்லாமல் நடந்தான். மறுபடி கேட்டார். "யோசிக்கிறேன் டாக்டர்." மூன்றாவது தடவை கேட்டபோது, அவருக்கு ஏதோ உதவி செய்கிற மாதிரி, "சரி டாக்டர்," என்றான்.

இது கஸ்தூரி போட்ட சட்டம். "போற வீட்டுல கேட்ட ஒடனே கைய நீட்டுனா, காஞ்சி கெடக்குறான்னு நெனைக்க மாட்டாங்களா? மொத தடவ வேணாம்னு சொல்லு. ரெண்டாவது தடவ, இப்பதான் பசியாறுனேன்னு சொல்லு. மூனாவது தடவயும் கேட்டா, சரி, கொஞ்சம் வைங்கன்னு சொல்லு." பண்டார் தெங்காராவில் இந்தச் சட்டம் நன்றாகத்தான் ஓடியது, ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் மூன்று வரை எண்ணத் தெரியும். நாலாம் வகுப்பு ஆசிரியைக்கு மட்டும் தெரியவில்லை. வகுப்புத் தலைவனாக இருக்கிறாயா என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, பதவியை வைஷ்ணவிக்குக் கொடுத்துவிட்டார்.

சலமான்காவில் அவனுக்குக் கிடைத்த வீடு எமிலியாவுடையது. அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சமையலறையில்கூட வளைவில் திரும்புகிற மாதிரிதான் திரும்புவார். போன வருடம் தங்கிய மாணவி, இந்த அம்மா சாப்பிடச் சொல்லிச் சொல்லியே கொல்கிறார் என்று புகார் கொடுத்திருந்தாள். அதனால் இந்த வருடம் மொழிப்பள்ளி அலுவலகம் அவருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது: வற்புறுத்தக் கூடாது; மாணவனின் மதத்தை மதிக்க வேண்டும்; இவர் இந்து, மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார்.

முதல் நாள் மதியம் எமிலியா, முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துத் தடியாகச் சுட்ட ஒன்றை மேசையில் வைத்து, வேண்டுமா என்று கேட்டார். ஹேமாவின் வயிறு முன்னால் வந்தது. வாய் மட்டும், "வேணாம், நன்றி," என்றது. எமிலியா தட்டைக் காட்டி, கைகளைக் கூப்பி, கூரையைப் பார்த்து, புருவத்தைத் தூக்கினார். சாப்பிடும் முன் கும்பிடுகிறார் போலும் என்று நினைத்து அவனும் பயபக்தியோடு கூப்பினான். எமிலியா பெருமூச்சு விட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, இரண்டு வரி எழுதினார்.

மறுநாள் பருப்பு சூப். "வேணாம், நன்றி." மீன். "வேணாம், நன்றி." ஒவ்வொரு தடவையும் அவன் தலையைக் குனிந்து இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தான். அவர் கைகூப்பினார். இவனும் கூப்பினான். காலையில் கேட்காமலே வைக்கப்பட்ட ரொட்டியும் காப்பியும்தான் அவனை உயிரோடு வைத்திருந்தன. குளிர்பெட்டித் தாளில் வரிகள் கூடிக்கொண்டே போயின. அது கடைக்குப் போகும் சாமான் பட்டியல் என்று நினைத்து, தினமும் அதைப் படித்துத்தான் ஸ்பானிய வார்த்தைகள் கற்றான். ஆரஞ்சு சேர்ந்த அன்று நாக்கு ஊறியது. எழுதியது எதுவும் ஏன் மறுபடி மேசைக்கு வரவே இல்லை என்பதுதான் புரியவில்லை.

பத்தாம் நாள் காலை, மொழிப்பள்ளி ஒருங்கிணைப்பாளர் நூரியா கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் எமிலியாவின் கடிதம் இருந்தது. "நல்ல பையன். ஆனால் அவன் மதம் எதையும் அனுமதிப்பதில்லை. என் வீட்டில் மயங்கி விழுந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. ஊருக்கு அனுப்பிவிடுங்கள்."

நூரியா அவனுக்குப் புரியும்படி மெதுவாக ஆங்கிலத்தில் பேசினார். குடும்பத்தோடு தங்காவிட்டால் பாதி மதிப்பெண் போகும்; கிரெடிட் கிடைக்காது. "உங்களுக்கு இங்கே இருக்க விருப்பமா? இருந்தால் ஏதாவது வழி செய்கிறோம்."

ஹேமாவுக்கு ஆணி தெரிந்தது, காலண்டர் தெரிந்தது, பட்டமளிப்புக்கு அம்மா இப்போதே சொல்லி வைத்திருந்த பதினாலு பேர் வேன் தெரிந்தது.

"பரவாயில்லை," என்றான். "உங்களுக்கு எதற்குச் சிரமம்?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். நூரியா மரியாதையோடு தலையசைத்து, விலகல் படிவத்தை எடுத்தார். "சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள்."

வீடுவரை தன்னையே திட்டிக்கொண்டு நடந்தான். இது மரியாதையா, பயமா? கேட்டால் கிடைக்காமல் போய்விடும் என்று, கேட்பதற்கு முன்பே விட்டுக்கொடுத்துவிடுகிற புத்தியா? படித்தவன் என்று பேர். தனக்கு வேண்டியதை வேண்டும் என்று சொல்ல எந்தப் பாடத்தில் கிரெடிட் கொடுக்கிறார்கள்?

மதியம் எமிலியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏன் அப்படி எழுதினீங்க?" என்று தெரிந்த ஸ்பானிய மொழியில் கேட்டான். அவர் குளிர்பெட்டியைக் காட்டினார். "உன் மதம்."

மாட்டிறைச்சியில் தொடங்கிப் பதினேழு வரிகள். ஆரஞ்சு பதினாறாவது.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே இரவு எட்டு மணி. கஸ்தூரி தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. "என்னாடா இது, கன்னம் ஒட்டிப் போயிருக்கு?" ஹேமா எல்லாவற்றையும் கொட்டினான்.

"அலமாக்! ஒன்பது நாளா வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டு இருந்தியா?"

"நீதானேம்மா சொல்லிக் கொடுத்த!"

"மூனு தடவ கேக்குறவங்ககிட்ட சொல்லுடான்னேன். சரி, ஃபோன அந்த அக்காகிட்ட காட்டு." எமிலியாவின் முகம் திரையில் வந்ததும் கஸ்தூரி குரலை உயர்த்தினாள், தமிழைச் சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்பது போல. "அக்கா, இங்க பாருங்க!" ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸை எடுத்துக்கொண்டு, அப்போதுதான் ஆலையிலிருந்து வந்து உட்கார்ந்த செல்லப்பன் முன்னால் நீட்டினாள். "வேணுமா?"

"கொண்டா," என்று தட்டைப் பிடுங்கினார் செல்லப்பன்.

"ஐயோ, வேணாம்னு சொல்லுங்க!"

"பசிக்குதுல்ல, என்னாத்துக்கு வேணாம்னு சொல்லணும்?"

"நீங்க விருந்தாளிங்க!"

"என் வீட்டுல நானே விருந்தாளியா?"

"ஒங்க மவனோட பட்டம் போவுதுங்க! நடிங்க!"

பட்டம் என்றதும் செல்லப்பன் நிமிர்ந்தார். தட்டைத் திருப்பிக் கொடுத்தார். கஸ்தூரி கேட்டாள், கையை ஆட்டி மறுத்தார். மறுபடி கேட்டாள், வயிற்றைத் தடவி, ஏப்பம்கூட விட்டுக் காட்டினார். மூன்றாவது தடவை கேட்டாள். "சரி, கொஞ்சம்," என்றவர், தட்டைக் கையில் வாங்கியதும் நடிப்பதை விட்டுவிட்டு உண்மையாகவே சாப்பிட ஆரம்பித்தார்.

எமிலியா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எழுந்து போய் முட்டைத் தட்டைக் கொண்டு வந்து ஹேமா முன் நீட்டி, ஒரு விரலைக் காட்டினார். "வேணாம்," என்றான். இரண்டு விரல். "வேணாம்." மூன்று விரல். ஹேமா தட்டையே இழுத்துக்கொண்டான். பண்டார் தெங்காராவில் கஸ்தூரி கைதட்டினாள். எமிலியா பேனாவை எடுத்துப் பட்டியலின் முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு, மற்ற பதினாறையும் அடித்தார்.

ஐந்து மணிக்கு இருவரும் அலுவலகம் போனார்கள். படிவம் தயாராக இருந்தது.

"இவன்கிட்ட மறுபடி கேளுங்க," என்றார் எமிலியா.

"காலையிலேயே கேட்டுவிட்டேன், வேண்டாம் என்றார்."

"அது முதல் தடவை. அது கணக்கில்லை. கேளுங்க."

நூரியா குழப்பத்தோடு அவனைப் பார்த்தார். "இங்கே இருக்க விருப்பமா?"

"ஆமாம்!" என்று கத்தினான் ஹேமா.

எமிலியா அவன் முழங்கையில் இடித்தார். "பொறு. இது ரெண்டாவதுதான்." பிறகு நூரியாவிடம் திரும்பி, "இன்னும் ஒரு தடவை. இவங்க ஊர்ல அப்படித்தான்," என்றார்.

நூரியா மூன்றாவது தடவையும் கேட்டார். ஹேமா, "ஆமாம், இருக்கணும். ரொம்ப விருப்பம்," என்றான். படிவம் குப்பைக் கூடைக்குப் போனது. நான்கு வாரம் முடிந்தபோது கிரெடிட் மூன்றும் வந்தன. கூடவே ஐந்து கிலோவும்.

அக்டோபரில், மண்டபத்துக்கு வெளியே படம் எடுப்பவர் செல்லப்பனிடம், "அண்ணே, பெரிய ஃபிரேம் போடலாமா?" என்று கேட்டார்.

"சேச்சே, வேணாம் தம்பி. சின்னதே போதும்."

படம் எடுப்பவர் அடுத்த குடும்பத்தின் பக்கம் திரும்பினார். அவர் மறுபடி கேட்பார் என்று செல்லப்பன் அங்கேயே நின்றார்.

அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேமா ஓடினான். "அண்ணே, பெரிசே போடுங்க!"

"கேட்ட ஒடனேயாடா?" என்று கஸ்தூரி பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கிள்ளினாள்.

படத்தின் கனத்துக்கு ஒரு ஆணி போதவில்லை. செல்லப்பன் காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் இன்னொன்று அடித்தார்.