அகஸ்ரீனா எழுதிக் கொடுத்த பாவங்கள்

அகஸ்ரீனா பிள்ளைகளைத் தலையில் தட்டித்தான் எண்ணுவாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு, மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில், கதவடியில் தொடங்கிக் கடைசி வாங்குப் பலகை வரைக்கும் டப் டப்பென்று தட்டிக்கொண்டே வருவாள். இருபத்தொன்று வரவேண்டும். இருபத்திரண்டு வந்தால், கடைசி வாங்கில் மகனுக்காகக் காத்திருக்கும் என் வழுக்கையையும் சேர்த்துவிட்டாள் என்று பொருள்.

வயது பதினாறு. விமலராணி ரீச்சரின் மறைக்கல்வி வகுப்பில் உதவியாள். கொண்டையில் மூன்று பென்சில் குத்தியிருக்கும், நாலாவதைத் தேடிக்கொண்டிருப்பாள். சன்னலுக்கு வெளியே எங்கள் இத்தாலியப் பேட்டையான போர்கோ வெக்கியோவின் ஸ்கூட்டர்கள் கத்தும். அவள் அதற்கு மேலே கத்துவாள்.

"அமுனி, அமுனி! வாங்கோ, வாங்கோ! வரிசையிலை நில்லுங்கோ! வலன்ரைன், சுவரை நக்காதை!"

வலன்ரைன் என் மகன். ஏன் சுவரை நக்குகிறான் என்று எனக்கும் தெரியாது.

எதைச் சொன்னாலும் "விளங்கிச்சோ, கப்பீத்தோ?" என்று இரண்டு மொழியிலும் கேட்பாள். பிள்ளைகள் இரண்டு மொழியிலும் இல்லை என்பார்கள். வீட்டில் அவள் கடைக்குட்டி. நாலு அண்ணன்மார் 'வாயை மூடு' என்று சொல்லியே வளர்த்த பெண். இங்கேதான் இருபத்தொரு பேர் அவளை அக்கா என்கிறார்கள். அதற்காகவே காய்ச்சலோடும் வந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் ஒரு வாரப்பாடு, ஒரு பாசம் உண்டு.

இந்த வருடம் அந்த அக்கா பதவிக்கு ஆபத்து வந்தது. முதல் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குமுன் பிள்ளைகள் தமிழ்ப் பாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். தமிழ் வகுப்பென்றால் அதையும் தமிழில்தான் செய்யவேண்டும் என்பது ரீச்சரின் சட்டம். இங்கே பிறந்த பிள்ளைகள். பாவம் செய்வதெல்லாம் இத்தாலியனில். போன வருடம் மூன்று பேர் நடுவில் சொல் வராமல் அழுதபடி வெளியே ஓடி வந்துவிட்டார்கள்.

"இந்தமுறை ஒரு பிள்ளை அழுதாலும் நீ பிறகு வரத்தேவையில்லை" என்று ரீச்சர் அகஸ்ரீனாவிடம் சொல்லிவிட்டார். "நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

அவள் ஒரு கிழமை யோசித்து, பாவங்களைக் கடதாசித் துண்டுகளில் எழுதிக்கொண்டு வந்தாள். ஆளுக்கு மூன்று, பாடமாக்கினால் போதும். அறுபத்துமூன்று பாவத்துக்கு எங்கே போவாள்? வீட்டு வேலைக்குப் போகும் தாய் சொல்லக் கேட்டதையெல்லாம் எழுதியிருந்தாள். கலியாண வீட்டுக்குப் போக, வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் வயிற்றுக்குத்து என்று சொன்னது, சிஞ்ஞோராவின் பூச்சாடியை உடைத்துப் பூனையில் பழி போட்டது எல்லாம் இருந்தன. எனக்கு வியர்த்துவிட்டது. நான் வேலை செய்யும் வீட்டில் இருப்பது நாய். மற்றப்படி அதே சாடிதான்.

பிள்ளைகள் உடனே சந்தை கூட்டினார்கள்.

"அக்கா, எனக்குத் தம்பிக்கு அடிச்சது வந்திருக்கு. எனக்குத் தம்பியே இல்லை" என்றாள் றஜிதா.

"அப்ப தம்பி இருக்கிற ஆளிட்டைக் குடுத்து மாத்து. சண்டை பிடிக்காதேங்கோ, பிறகு அதையும் சொல்லவேணும்."

பூனைப் பாவத்துக்குத்தான் கிராக்கி. என் மகன் கையிலிருந்த இரண்டு பொய்யையும் ஒரு களவையும் கொடுத்து அதை வாங்கிவிட்டான். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பயிற்சி வேறு.

போன சனிக்கிழமை ஒரு பிள்ளையும் அழவில்லை. பாதர் இருந்த சின்ன அறைக்குள் ஒவ்வொருவராகப் போய்ச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஏழாவது பிள்ளைக்குப் பிறகு பாதர் தண்ணீர் கேட்டார். பதின்மூன்றாவதுக்குப் பிறகு கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, முற்றத்தில் ஒரு சுற்று நடந்தார்.

"பிள்ளையள் என்ன மாதிரி, பாதர்?" என்று ரீச்சர் கேட்டார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே விடக்கூடாது. மனிதர் தோள் குலுங்க உள்ளே போய்விட்டார்.

போட்டுக் கொடுத்தது என் மகன்தான். பெருமை தாங்கவில்லை.

"ரீச்சர், நான் சிஞ்ஞோராவின்ரை சாடியை உடைச்சுப்போட்டு பூனையிலை பழி போட்டனான்!"

"எந்தச் சிஞ்ஞோரா? உனக்கு எட்டு வயசெல்லே?"

"தெரியாது. அக்கா தந்த சிஞ்ஞோரா."

ரீச்சர் ஒரு துண்டை வாங்கிப் பார்த்தார், பிறகு இன்னொன்றை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அகஸ்ரீனாவைப் பார்த்தார். "பாவத்தையும் எழுதியோ குடுத்தனி? போ. பாதரிட்டை நீயே போய்ச் சொல்லு. அவர் மன்னிச்சா வா. இல்லாட்டி இந்தப் பக்கமே வராதை."

அகஸ்ரீனா அறை வாசலில் போய் நின்றாள். எழுந்து போய் 'பிழை பிள்ளையிலை இல்லை, பெரியாக்கள் எங்களிலைதான்' என்று சொல்லவேண்டும் போலிருந்தது எனக்கு. ரீச்சருக்குப் பயந்து இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு சொல்லும் வரவில்லை. அன்று அந்த மண்டபத்தில் அழுத ஒரே ஆள் அவள்தான்.

வலன்ரைன் வாங்கிலிருந்து குதித்து ஓடினான். அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, "சுவாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவி" என்று காதுக்குள் தொடக்கிக் கொடுத்தான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவன் சத்தம் காணாது என்று தலையாட்டி, அவளை இன்னொருமுறை குனிய வைத்தான்.