சத்தம் கேட்காத கமரா

நேற்றுக் காலை குசினியில் மனைவி அச்சாறு போட்டுக்கொண்டிருந்தா. வினாகிரிப் போத்தலைத் திறந்த அதே நேரம், கொழும்பிலிருக்கும் சிநேகிதன் தொலைபேசியில் மூன்று படங்கள் அனுப்பினான். மூன்றும் பழைய பிலிம் கமராக்கள். "எதை வாங்கலாம்? கையில கனக்கக் காசில்லை" என்று கேட்டிருந்தான். அந்த மணமும் அந்தக் கேள்வியும் ஒன்றாக வந்ததில் எனக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

வினாகிரிக்கும் கமராவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் பரந்தன் சந்தி ஸ்ரூடியோ ஒன்றில் எனக்கு இருட்டறை வேலை. பிலிம் கழுவும்போது ஊற்றுகிற அமிலம் வராத நாட்களில் முதலாளி வினாகிரி கலந்து சமாளிப்பார். என் சேர்ட்டெல்லாம் அச்சாறு மணக்கும். முதலாளியின் பெரிய கமரா எனக்குப் பிடிக்காது. பொத்தானை அமத்தினால் கதவை அடித்துச் சாத்தினது போலச் சத்தம். எடுக்கிற நானே திடுக்கிடுவேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி, அதை உங்களிடம் மறைத்து என்ன?

போர்நிறுத்தத்தில் இராணுவப் பக்கத்துக்குப் பாதை திறந்திருந்த காலத்தில், மிச்சம் பிடித்த சம்பளத்தோடு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே பழைய கமராக் கடைக்காரர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரியும், லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றாகும், அப்போது அமத்த வேண்டும். அந்த வகையில் மூன்று வைத்திருந்தார். என் காசுக்கு ஒரு கமரா, ஒரு லென்ஸ். அதற்கு மேல் இல்லை.

"முப்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ் வாங்கினா வீடு வாசல் எல்லாம் படத்துல விழும். அம்பதுன்னா மொகம் நல்லா விழும் தம்பி" என்றார்.

முப்பத்தைந்தை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். உள்ளே நூல் நூலாகப் பூஞ்சணம். ஐம்பது துப்புரவாக இருந்தது. பிறகு கமரா மூன்றையும் காதோடு வைத்து அமத்திப் பார்த்தேன். நிறம் உரிந்துபோன ஒன்று மட்டும் பல்லி ஒருதரம் சொன்னது போலச் சின்னதாகச் சத்தமிட்டது. அதையே எடுத்தேன். "ரேடியோ வாங்கவா வந்தீங்க?" என்று அவர் சிரித்தார்.

பிறகு சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. இயக்கத்துக்கு வயதுப் பிள்ளைகளைக் கேட்டு வீடு வீடாக வந்த காலம் தொடங்கியது. முரசுமோட்டையில் எங்கள் பக்கத்து வளவில் பரமேஸ் ரீச்சரும் அவவின் கணவர் கந்தையா அண்ணையும் இருந்தார்கள். ஒரே மகள் சுகந்தி, பதினேழு வயது. வவுனியாவில் மாமி வீட்டுக்கு முன்னமே போய்விட்டாள் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பியிருந்தேன். ஒரு நாள் ரீச்சர் வேலியடியில் நின்று கூப்பிட்டா.

"தம்பி, சுகந்தி வீட்டதான் நிக்கிறாள். அடையாள அட்டைக்குப் படம் வேணும். அட்டை இருந்தாத்தான் களவா எண்டாலும் அங்கால வவுனியாவுக்கு அனுப்பலாம். ஸ்ரூடியோவுக்குக் கொண்டு வரேலாது. நீர் உம்மட கமராவோட வீட்ட வாரும்."

ஓம் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் போனேன்.

நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் அவள் நான்கு மாதமாக இருந்தாள். முகம் வெளிறி, வெளிச்சத்துக்குக் கண் கூசியது. படத்துக்கு வெளிச்சம் விழக் கூரை ஓடு ஒன்றை விலக்கினோம். றோட்டால் யாரோ மோட்டார் சைக்கிளில் போனார்கள். ரீச்சரும் நானும் அந்தச் சத்தம் தூரப் போகும்வரை காத்திருந்தோம். கண்ணாடிக்குள் இரண்டு சுகந்திகள். லென்ஸைத் திருப்பித் திருப்பி அவர்களை ஒன்றாகச் சேர்த்தேன். மூன்று தரம் அமத்தினேன். முற்றத்தில் காவல் நின்ற கந்தையா அண்ணைக்குக்கூடக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "ஆரும் மறிச்சா என்ன சொல்லுவீர்?"

நான் அதை யோசித்திருக்கவேயில்லை.

"மாட்டை எடும். என்னையும் சேர்த்து எடும். படம் கேட்டனான் எண்டு சொல்லும்."

பனியனோடு, மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்பல் இல்லாத வாயால் சிரித்தபடி நின்றார். மிச்சப் பிலிம் முழுவதையும் அவரிலும் மாட்டிலும் முடித்தேன்.

சந்திக்குப் போகும் வழியில் இயக்கத்தில் இரண்டு பேர் மறித்தார்கள். "பையுக்குள்ள என்ன?"

"கமரா. கந்தையா அண்ணை மாட்டோட படம் எடுக்கச் சொன்னவர்."

"கமராவைத் திறந்து காட்டும்."

"திறந்தா வெளிச்சம் பட்டு மாட்டின்ர படமெல்லாம் போயிடும் அண்ணை." அவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். "மாட்டுக்கும் படமோ? போம்."

முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பிலிமைக் கழுவினேன். சுகந்தியின் படத்தைப் பிரதி எடுத்து, பிலிமில் அந்த மூன்று துண்டையும் வெட்டி, ஸ்ரூடியோவின் பின்னால் கொளுத்தினேன். அதோடு நிற்கலாம்தானே? நிற்கவில்லை. அதே சுருள், அதே வீடு, யாராவது கண்டுபிடித்தால் என்ற நினைப்பில் மிச்சத்தையும் நெருப்பில் போட்டேன். மாட்டின் படத்தை வைத்திருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. பயந்தவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

சுகந்திக்கு அட்டை கிடைத்தது. வவுனியா போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கு இரண்டு பிள்ளைகளின் தாய். கந்தையா அண்ணை கடைசி இடப்பெயர்வில் வற்றாப்பளைக்கு அங்கால் ஷெல் பட்டுப் போனார். என் கமராவும் அந்தப் பக்கத்துப் பதுங்குகுழி ஒன்றில் விட்டதுதான். ஸ்ரூடியோ இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை.

மீளக்குடியேறிய வருடம், அவருடைய திவசத்துக்கு முன் ரீச்சர் என்னிடம் வந்தா. வீட்டில் அவருடைய ஒரு படமும் மிஞ்சவில்லை.

"தம்பி, அண்டைக்கு மாட்டோட எடுத்தனீர் எல்லோ. அது இருக்கே?"

"எல்லாம் இடப்பெயர்வில துலைஞ்சிட்டுது ரீச்சர்."

"அதுக்கு நீர் என்ன செய்யிறது" என்று அவா என் தோளைத் தொட்டுவிட்டுப் போனா.

எங்கள் ஊரில் எல்லாரும் படங்களைத் தொலைத்தவர்கள்தான். என்னையும் அவா அந்தக் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறா. உண்மையை இன்னும் சொல்லவில்லை.