பூஜைக்கு முன் நான் சுத்தம் செய்த ஃபோல்டர்

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் எனக்கு இருபது வருஷ சர்வீஸ். அரியலூரிலிருந்து தினமும் பஸ். கம்ப்யூட்டர் எனக்குப் பிறகு அங்கே வந்து சேர்ந்தது. அதனாலோ என்னவோ அதை நான் பெரிதாக மதித்ததில்லை.

மொத்தம் நான்கு கம்ப்யூட்டர்கள். கோப்புகள் எல்லாம் சூப்பிரண்டு சாரின் கம்ப்யூட்டரில், ஒரு பொது ஃபோல்டரில் இருக்கும். மற்ற மூன்று திரைகளிலும் அதைத் திறக்க ஒரு மஞ்சள் ஐகான். என் திரையில் இருப்பது என்னுடையது, என் மேஜை டிராயரைப் போல என்றுதான் நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது.

ஆயுத பூஜைக்கு முதல் நாளே அலுவலகத்தில் பூஜை போட்டுவிடுவோம். பீரோ, மேஜை எல்லாம் துடைத்தேன். கம்ப்யூட்டருக்குள் மட்டும் குப்பை எதற்கு என்று உட்கார்ந்தேன். ஐகான்களை வரிசையாக அடுக்கினேன். பொது ஃபோல்டரைத் திறந்தால், 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று கிடந்தது. பெயர் வைக்கக்கூடச் சோம்பலா என்று திட்டிக்கொண்டே அழித்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று தட்டிவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனேன்.

விடுமுறை முடிந்து வந்த காலையில் சூப்பிரண்டின் முன் எங்கள் தற்காலிக டைப்பிஸ்ட் பெண் வெளிறிப்போய் நின்றாள். செட்டிகுளத்திலிருந்து வருகிறவள். பழைய மாணவர் பதிவேடுகளை டைப் செய்ய மூன்று மாதத்துக்கு எடுத்திருந்தார்கள். வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அவள் அடித்தது முழுக்க அந்த நியூ ஃபோல்டரில்தான் இருந்திருக்கிறது.

"மூணு மாசமா என்னம்மா பண்ணுன? ஒண்ணையும் காணுமே. வேற ஆளத்தான் பாக்கணும்போல" என்றார் சூப்பிரண்டு.

"அடிச்சு வச்சிருந்தேன் சார்" என்றாள்.

நான்கு திரையிலும் தெரிவது ஒரே ஃபோல்டர் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். இருபது வருஷம் கட்டிக்காத்த பெயர் வாயை அடைத்துவிட்டது. அன்று பஸ்ஸில் அரியலூர் வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. மறுநாள் பையைக்கூடக் கீழே வைக்காமல் சூப்பிரண்டிடம் போனேன்.

"சார், அத அழிச்சது நாந்தான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

"நீங்களா?" என்றார். பிறகு அவளுக்கு இன்னும் மூன்று மாதம் கொடுத்தார். தினமும் சாயங்காலம் நான் பதிவேட்டைப் படித்துச் சொல்ல வேண்டும், அவள் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் பதிவேட்டைப் பிரித்ததும், "மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும்க்கா. பூஜையன்னைக்கு சந்தனம் வைக்க வந்தப்ப உங்க ஸ்கிரீன்ல அந்த ஃபோல்டர் தொறந்து கெடந்துச்சு. என்னோடது மட்டும் அதுல இல்ல. ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். லீவு முடிஞ்சு வந்து பாத்தப்பதான் புரிஞ்சுது."

"அப்ப சார்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா யாரை நம்பியிருப்பாருக்கா?" என்றவள் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "மொத பேரு சொல்லுங்க."