சைரன் கேட்டதும் ஷட்டரை இறக்குகிறவர்கள்

டெல்லிக் கடைக்காரர்களோடு பல வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். கடையில் வயரிங் ஒழுங்காக இருக்கிறதா, தீப்பிடித்தால் தப்பிக்க வழி இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. ஒரு தனியார் கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினீயர் என்று பெயர். தோளில் ஒரு பை, பைக்குள் மெக்கர். அதன் கைப்பிடியைச் சுற்றினால் வயரில் கரண்ட் கசிகிறதா இல்லையா என்று முள் காட்டிவிடும். எந்தக் கடைக்காரருக்கும் அந்த முள்ளைப் பிடித்ததில்லை. "பல்பு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, இன்னும் என்ன பார்க்கிறாய்?" என்பார்கள்.

ஒரு மிட்டாய்க் கடையில் ஃபியூஸ் வயர் இருக்கவேண்டிய இடத்தில் பென்சில் தடிமனுக்குச் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். "இனிமேல் போகவே போகாது பாபு" என்று முதலாளிக்குப் பெருமை. ஆபத்து வந்தால் போகவேண்டும் என்பதற்காகத்தான் ஃபியூஸ் வைப்பது என்று அந்த மனிதருக்கு எந்த மொழியில் சொன்னாலும் ஏறவில்லை. தீயணைக்க வைத்த மணல் வாளிகளில் பான் எச்சில்தான் நிறைந்திருக்கும். ஒரு நகைக் கடையில் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை முதலாளி வீட்டில் வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். வெளியே மாட்டினால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்.

அந்த ஒரு பதிலில் அந்த ஜாதியின் புத்தி முழுவதும் இருக்கிறது. கடைக்கார ஜாதியைத்தான் சொல்கிறேன். அவர்களுக்குத் தீ என்றால் பயமே கிடையாது. அது எப்போதோ, வேறு யாருக்கோ வருவது. திருடன் மட்டும் எந்நேரமும் வாசலில் நிற்கிறான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது அவனைத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அரசாங்கம் கொஞ்சம் கெடுபிடி காட்டியது. கடைகளெல்லாம் தீ பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கவேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நடத்தவேண்டும் என்றார்கள். நாங்கள் குடியிருந்த முனிர்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு மார்க்கெட்டின் வியாபாரிகள் சங்கம் எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டது. எனக்கு அந்த மார்க்கெட் நன்றாகத் தெரியும். என் மனைவி அங்கேதான் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். முனிர்காவில் மூன்றாவது மாடியில் ஓர் அறை. என் சம்பளத்தில் பாதி ஊருக்குப் போய்விடும். அவள் சம்பளத்தில்தான் வாடகையும் அரிசியும். பி.காம் முடித்தவள், ஹிந்தியை ஆறே மாதத்தில் என்னைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டவள். அவள் வேலை பார்த்தது மெத்தையும் திரைச்சீலையும் விற்கிற கடை. தரையிலிருந்து கூரைவரை ஸ்பாஞ்ச் அடுக்கியிருக்கும். ஒரு பீடி நெருப்பு போதும். கடைக்குள்ளேயே பாதி உயரத்தில் பலகை அடித்து ஒரு பரண் கட்டியிருந்தார்கள். டெல்லியில் அதை மியானி என்பார்கள். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, என் மனைவி. பரணுக்கு இருந்த ஒரே ஜன்னலுக்கும் திருடன் வருவான் என்று இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் செய்துவிட்டார் முதலாளி. ஏணியில் இறங்கி, மெத்தைகளுக்கு நடுவே நடந்து, ஷட்டர் வழியாகத்தான் வெளியே வரமுடியும். வேறு வழி கிடையாது.

முதலாளியை எல்லோரும் லாலாஜி என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் யோசனை வேண்டும்.

ஒத்திகைக்கு முந்தின நாள் மனைவியிடம் சொன்னேன். "சைரன் கேட்டவுடனே எறங்கி வந்துரணும். கணக்கு முடியட்டும்னு உக்காந்துராத."

"எனக்குச் சொல்லுதியளே, அந்தாளுக்கு மொதல்ல சொல்லுங்க" என்றாள்.

அந்தாளுக்கும் சொல்லியிருந்தேன். எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். சங்கத்துச் செயலாளர் ஒலிபெருக்கியில் கல்யாண அழைப்பு மாதிரி அறிவித்திருந்தார். நாளைக் காலை பதினொரு மணிக்கு மார்க்கெட்டில் தீப்பிடிக்கும், எல்லோரும் நடுவிலுள்ள பார்க்குக்கு வரவேண்டும், சமோசாவும் டீயும் உண்டு. சமோசா இல்லாமல் இந்த ஜனங்கள் நெருப்பிலிருந்துகூட வெளியே வரமாட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

மறுநாள் நான் சைரனைச் சுழற்றினேன். உடனே மார்க்கெட் முழுவதும் தடதடவென்று ஒரு சத்தம். ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேன், எல்லோரும் ஓடி வருகிறார்கள் என்று. ஓடி வருகிற சத்தம் இல்லை அது. ஷட்டர் இறக்குகிற சத்தம். நெருப்பு என்றதும் அந்த மார்க்கெட்டில் ஒவ்வொரு முதலாளியும் செய்த முதல் காரியம் ஷட்டரை இறக்கி, குனிந்து பூட்டு மாட்டி, இழுத்துப் பார்த்ததுதான். அதற்குப் பிறகு நிதானமாக நடந்து வந்து சமோசா வரிசையில் நின்றார்கள். தீயணைப்பு வண்டிக்காரன் உள்ளே போகவேண்டும் என்றால் முதலில் யார் சாவியைத் தேடவேண்டும் என்று ஒருவருக்கும் யோசனை ஓடவில்லை.

"பார்த்தீர்களா டிசிப்ளினை! ஒரு கடைகூடத் திறந்து கிடக்கவில்லை" என்றார் செயலாளர். போட்டோக்காரர் வந்தார். ஆளுக்கொரு சிவப்பு சிலிண்டரைக் கையில் கொடுத்து வரிசையாக நிறுத்தினார். எவருக்கும் அதன் பாதுகாப்புப் பின்னை எங்கே இழுப்பது என்று தெரியாது, ஆனால் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் என் மனைவியைத் தேடினேன். பார்க்கில் இல்லை. பெஞ்சுகளில் இல்லை, குழாயடியில் இல்லை. லாலாஜி ஒரு கையில் சமோசாவும், கக்கத்தில் கல்லாப்பெட்டியுமாக நின்றார். பக்கத்தில் இரண்டு மகன்கள்.

"உங்கள் கடையில் எல்லோரும் வந்துவிட்டார்களா?"

"ஸப் ஆ கயே" என்றார். எல்லோரும் வந்தாச்சு.

"அக்கவுண்டன்ட்?"

மென்றுகொண்டிருந்த வாய் ஒரு கணம் நின்றது. "ஓஹோ, மேடமா? மேலே இருப்பார். கவலைப்படாதே பாபு, பத்திரமாகத்தான் இருப்பார். மூன்று பூட்டு போட்டிருக்கிறேன், எவன் உள்ளே போகமுடியும்?"

அவரை அந்த இடத்திலேயே அறைந்திருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் கை துருதுருக்கிறது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஷட்டரைத் தூக்கியபோது அவள் ஷட்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்திருந்தது. முகமெல்லாம் வியர்வை.

"ஏணியில பாதி எறங்குதேன், ஷட்டர் வந்து விழுது" என்றாள். "கத்துதேன், கத்துதேன். அந்தத் தடதடப்புல எவன் காதுல விழும்? ஒரே இருட்டு. நெசமாவே தீப்பிடிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

என்ன செய்திருப்பேன்? எனக்கு அழுகை வந்தது. பின்னால் சமோசாவோடு வந்து நின்ற லாலாஜி, "மேடம், உங்களுக்கும் ரெண்டு எடுத்து வைத்திருக்கிறேன்" என்றார்.

அன்றைக்கே அவரிடம் பேசினேன். ஜன்னல் கம்பியை எடுத்துவிடுங்கள் என்றேன். திருடன் வருவான் என்றார். மேடமிடம் ஒரு சாவி கொடுங்கள். குடும்பத்துக்கு வெளியே சாவி போன வழக்கம் இல்லை. சரி, நெருப்பு என்றால் பூட்டாமல் ஓடுங்கள், அதுவாவது முடியுமா? அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான இரக்கம் இருந்தது. "நெருப்பு என்றைக்கோ ஒருநாள் வரும் பாபு. திருடன் தினம் தினம் வருவான்." அவர் கடையில் ஒரு தடவைகூடத் திருடு போனதில்லை.

அந்த மார்க்கெட்டுக்குச் சான்றிதழ் தரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். என் முதலாளி படித்தார். படித்த மனிதர், இன்ஜினீயர், கழுத்தில் டை. "ஒத்திகை நடந்ததா? நடந்தது. போட்டோ இருக்கிறதா? இருக்கிறது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இதற்கு லாலாஜியே தேவலை. அவருக்கு ஒன்றும் தெரியாது, இவருக்கு எல்லாம் தெரியும். சான்றிதழ் ஃபிரேம் போட்டு லக்ஷ்மி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. தினமும் அதற்கும் ஊதுபத்தி காட்டினார்கள், ஸ்பாஞ்சுகளுக்கு நடுவே.

வேலையை விட்டுவிடு என்று மனைவியிடம் சொன்னேன்.

"விட்டுட்டு? வாடகைக்கு ஒங்க மெக்கரையா கொண்டு குடுக்கது?" என்றாள். "வேற கடைக்குப் போனா அங்கயும் ஒரு லாலாஜி, ஒரு மியானி. இருங்க, பாப்போம்."

என்ன பார்ப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கும்போது எனக்கு அந்த இருட்டுப் பரண்தான் ஞாபகம் வரும். எந்தக் கடையில் மெக்கரைச் சுற்றினாலும் நினைப்பெல்லாம் அங்கேயே இருக்கும்.

அடுத்த மே மாதம் அது வந்தது. ஊரே அடுப்பாகக் காய்ந்துகொண்டிருந்த மத்தியானம், எல்லாக் கடையிலும் கூலரும் ஏசியும் ஓடுகின்றன. அதே மார்க்கெட்டின் கோடியில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். குனிந்து எர்த் வயரைத் தேடிக்கொண்டிருந்தபோது யாரோ "ஆக்! ஆக்!" என்று அலறினார்கள். தீ. வெளியே வந்து பார்த்தால், மெத்தைக் கடையை ஒட்டிய மாடிப்படியில், மீட்டர்களெல்லாம் மாட்டியிருந்த பலகையிலிருந்து கரும்புகை. உடனே தடதடவென்று ஷட்டர்கள் விழ ஆரம்பித்தன. ஒத்திகையில் பழகியதைத் துளியும் மறக்கவில்லை.

மெக்கரை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. லாலாஜி கடையின் ஷட்டர் இறங்கியிருக்கும், மூன்று பூட்டும் தொங்கும், சாவியோடு அந்த ஆள் எங்கேயாவது நிற்பார் என்று நினைத்துக்கொண்டேதான் ஓடினேன்.

ஷட்டர் இறங்கவில்லை. அந்த வரிசையிலேயே அது ஒன்றுதான் திறந்து கிடந்தது. உள்ளே புகை நுழைந்துகொண்டிருந்தது. ஏணிக்குக் கீழே லாலாஜி நின்று, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, பரணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "மேடம்! மேடம்ஜி! ஜல்தி! எங்கே இருக்கிறீர்கள்?" குரல் உடைந்திருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் மனிதர்தான், இத்தனை நாள் அவரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று நினைத்தேன்.

"ஏங்க, இங்க இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பார்க்கில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மடியில் டிபன் பையோடு. புகை வாசம் வந்ததுமே, லாலாஜி படிக்கட்டுப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போயிருந்த நேரத்தில் இறங்கி வந்துவிட்டாளாம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாவம், உன்னைத் தேடுதாரு" என்றேன்.

"என்னையவா?" அவள் பையைத் திறந்து காட்டினாள். டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று பெரிய பித்தளைப் பூட்டுகள். "இதையத் தேடுதாரு. இது இல்லாம ஷட்டரப் பூட்ட முடியாதுல்லா."

ஒத்திகை முடிந்த மறுநாளே அவள் லாலாஜியிடம் சொல்லியிருக்கிறாள். காலையில் திறந்ததும் பூட்டுகளை வாசலில் கொக்கியில் தொங்கவிடுகிறீர்களே, பூட்டையே எவனாவது திருடிக்கொண்டு போனால் ராத்திரி எதைப் போட்டுப் பூட்டுவீர்கள்? அந்த மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். இத்தனை வருஷம் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து காலையில் அவள் பூட்டுகளை மேலே எடுத்துப் போய்விடுவாள். சாயங்காலம் அவள் இறங்கி வந்து கையில் கொடுத்தால்தான் கடை பூட்டமுடியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் பெருமை பீற்றிக்கொண்டு மார்க்கெட் முழுவதும் உளறிவிடுவேனாம்.

தீயணைப்பு வண்டி வந்து மீட்டர் பலகையை அணைத்தது. படிக்கட்டுச் சுவர் மட்டும் கரியானது. லாலாஜி இருமிக்கொண்டே வெளியே வந்து, எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். "தாலா! மேடம், தாலா!" என்று பூட்டுக்குக் கையை நீட்டினார். அவள் பூட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். போய் ஷட்டரை இறக்கினார், மூன்றையும் போட்டார், இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து, மகன்கள் இருக்கிறார்களா என்று பார்த்தார், கல்லாப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் என் மனைவி அவர் கண்ணில் பட்டாள்.

"அரே மேடம், நீங்கள் எப்போது வெளியே வந்தீர்கள்?"

"பூட்டு வெளியே வந்தபோதுதான், லாலாஜி" என்று அவள் ஹிந்தியில் சொன்னாள்.

அவருக்கு அது ரொம்பவும் பிடித்துவிட்டது. இப்படிப் பொறுப்பான ஆள் கிடைக்கமாட்டார் என்று மார்க்கெட் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுநாளிலிருந்து அந்த மூன்று பூட்டையும் அவள் எடுத்துப் போகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு அவரே ஏணியேறி வந்து, மேஜைமேல் வைத்துவிட்டு, "எங்கே போனாலும் இதைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்குவாராம்.