அப்பாவின் வயிற்றுக்காக ஓர் ஓவன்

அந்த ஓவனின் கதவு கடும் மண்ணிறம். அந்தக் காலத்தில் மெல்பனில் எதை வாங்கினாலும் ஒன்றில் மண்ணிறம் அல்லது தோடம்பழ நிறம்தான். கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி, மேலே வெள்ளி நிறக் கைபிடி. உள்ளே ஒரு கம்பித் தட்டு. அதன்மேல் தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய காட்போட் மட்டை இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. இந்த ஓவன் பூட்டிய கரவன், காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன வீடு, எங்கள் பின்வளவுத் தகரக் கொட்டகைக்குள் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நிற்கிறது. அப்பாவும் போய்விட்டார், வீட்டை விற்கவேண்டும், ஆகவே இதையும் யாருக்காவது தள்ளிவிடவேண்டும். போன மாதம் உள்ளே ஏறி ஓவன் கதவைத் திறந்து பார்த்தேன். அழுகை வருமென்று நினைத்தேன். வந்தது கோபம். இந்த வயதில், ஓர் அடுப்போடு கோபம்! என் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கிளேட்டனில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அரசாங்கக் கந்தோரில் எஞ்சினியர் வேலை. அம்மா வீட்டில். நான் ஒரே பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எல்லாரையும்போல எங்கள் குசினியிலும் ஓவன் என்பது ஓர் அலுமாரிதான். தாச்சிச் சட்டி, தோசைக்கல்லு, வடை பொரித்த எண்ணெய்ப் போத்தல் எல்லாம் அதற்குள்ளேதான் குடியிருந்தன. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஒருநாள் அதைத் திறந்துவிட்டு, வாயில் கைவைத்தபடி நின்றாள். அம்மாவுக்கு அது பெரிய பகிடி. "உவையளுக்கு எண்ணெய் தெரியாது, நெருப்புத் தெரியாது, எல்லாத்தையும் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டுக் காத்துக்கொண்டு நிக்கினம்" என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருடம் வெயில் குறையத் தொடங்கிய நேரத்தில் அம்மாவுக்கு விலாவுக்குக் கீழே ஒரு நோவு வந்தது. படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். கல்லீரலில் புற்றுநோய். அது எங்கேயோ தொடங்கி அங்கே வந்து சேர்ந்திருந்தது. வெட்டி எடுக்க முடியாது, வசந்தம் வரும்வரை இருந்தால் பெரிய விஷயம் என்று பெரிய டொக்டர் சொன்னார். சொன்னது அப்பாவிடம். கூட இருந்தவர் டொக்டர் அங்கிள். அவர் அப்பாவோடு படித்தவர், இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை, எங்கள் ஆட்கள் யாருக்குத் தலையிடித்தாலும் அவர்தான் தஞ்சம். அவர் அப்பாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாராம்: "மச்சான், அவவுக்கு மூச்சும் விடாத. தெரிஞ்சா அண்டைக்கே உடைஞ்சு போயிடுவா. நாங்கள் உப்பிடிச் சொல்லுறேல்லை." பிறகு இருவரும் உள்ளே வந்தார்கள். அங்கிள் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் குனிந்து, "ஈரலில கொஞ்ச வீக்கம் அக்கா, குளிசையோட மாறியிடும்" என்றார். பெரிய டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னதற்கும் அங்கிள் தமிழில் சொன்னதற்கும் நடுவில், டொக்டர்மாரின் ஆங்கிலம் விளங்காத அம்மா தலையாட்டிக்கொண்டு இருந்தார்.

நாங்கள் உப்பிடிச் சொல்லுறேல்லை. அதுதான் எங்களுடைய வழக்கம். சாகப்போகிறவரைத் தவிர ஊருக்கெல்லாம் தெரியும். பார்க்க வருகிற அன்ரிமார் பழப் பையோடு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து "நல்லா வெளிச்சிட்டியள்" என்று சொல்லி, வாசலில் சப்பாத்துப் போடும்போது மூக்கைச் சிந்துவார்கள். இதற்குப் பெயர் அன்பு. அந்த அன்பின் தலையில் இடி விழ!

அப்பாவும் அந்த அன்பில்தான் விழுந்தார். ஆனாலும் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அம்மாவுக்கு மெல்பன் குளிர் பிடிக்காது. வடக்கே குயின்ஸ்லாந்தில் வீட்டு முற்றத்தில் மாமரம் நிற்குமாம், முருங்கை காய்க்குமாம், இங்கே நடுக்குளிரான ஆடி மாதத்திலும் வெறுங்காலோடு திரியலாமாம் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, "ஒருக்கா அங்க போய் வெறுங்காலோட நிக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கரவன் ஒன்று வாங்கி, காரில் கொழுவி, அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடவேண்டும், கால் சூடாகும்வரை நிற்பாட்டவேண்டும் என்று அப்பா நினைத்தார். உடனே போனால் உண்டு, பிந்தினால் இல்லை.

ஆனால் நீண்ட லீவு எடுத்து, என்னையும் பள்ளிக்கூடத்தால் மறித்து, திடீரென்று ஏன் போகிறோம் என்று அம்மா கேட்பாரே! கேட்டார். அப்பா வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "எனக்கு வயித்துக்க புண்ணாம். கந்தோருக்குப் போகாம கொஞ்சநாள் ஆறச் சொல்லியிருக்கினம்." அப்பாவின் வயிற்றில் ஒரு புண்ணும் இல்லை. கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு அது. இதெல்லாம் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நானும் அம்மாவைப்போல நம்பினேன்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது தாச்சியும் தோசைக்கல்லும் எண்ணெய்ப் போத்தலும் குசினி நிலத்தில் கிடந்தன. அம்மா ஓவனுக்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். விலாவில் ஒரு கை, துணியில் மற்றக் கை. "கொப்பாவுக்கு இனிப் பொரியல் கூடாது பிள்ளை, எல்லாம் இதுக்குள்ளதான்" என்றார். பக்கத்து வீட்டுக்காரியிடம் போய்க் கையும் முகமுமாகப் பேசி, எந்த இலக்கத்தில் திருப்பினால் எவ்வளவு சூடு என்று கேட்டு வந்தார். பகிடி பண்ணிய பெட்டிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, கண்ணாடிக்குள்ளே மீன் வேகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்காயை எண்ணெய் இல்லாமல் சுட்டார், உருளைக்கிழங்கைச் சுட்டார், மாவைப் பிசைந்து பாணும் சுட்டார். முதல் பாணை எறிந்தால் ஆளைக் கொல்லலாம். அப்பா அதையும் தின்றார். தனக்குப் பசியே இல்லாத பெண், சாப்பிடுகிற மனிதரின் முகத்தைப் பார்த்து, "இப்ப எரிவு குறைஞ்சிருக்கோ?" என்று கேட்பார். "ஓம், குறைஞ்சிருக்கு" என்பார் அப்பா.

ஸ்பிரிங்வேல் பக்கம் பெரிய தெருவோரத்தில் கரவன் விற்கிற முற்றம் ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை மூவரும் போனோம். சீலைக்கு மேலே அப்பாவின் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று மூச்செடுத்து அம்மா நடந்தார். வெள்ளையில் மஞ்சள் கோடு போட்ட கரவன் ஒன்றை விற்பனைக்காரன் காட்டினான். உட்காருகிற நீட்டு வாங்கை மடித்தால் கட்டில், மேலே எனக்கு ஒரு படுக்கை, இரண்டு அடுப்பு வைத்த சிறு குசினி, அடுப்புக்குக் கீழே அலுமாரி. இன்றைக்கே கொழுவிக்கொண்டு போகலாம் என்றான். அப்பாவின் முகம் அப்படி மலர்ந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அம்மா அடுப்புக்குக் கீழே அலுமாரியைத் திறந்தார். "ஓவன் எங்க?"

இதில் இல்லை, வேண்டுமானால் அதையும் பொருத்தித் தொழிற்சாலையில் செய்விக்கலாம், ஆனால் குளிர்காலம் முடியும்போதுதான் வரும் என்றான் அவன். பிறகு அவனே, நல்ல மனிதன், ஓவன் வீண் வேலை என்றும் சொன்னான். பாரம் கூடும், காஸ் முடியும், அலுமாரி போய்விடும், வாங்கினவர்களில் பாதிப்பேர் அதற்குள் சப்பாத்துத்தான் வைக்கிறார்கள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீரே? வீட்டு ஓவனுக்குள்ளயும் இவ்வளவு காலமும் தாச்சிதானே கிடந்தது? உந்தப் பெட்டிக்காக ஏன் பொறுக்கவேணும்? இதையே எடுப்பம்."

"இஞ்சேருங்கோ, ஆனையை வாங்கிப்போட்டு அங்குசத்துக்குப் பஞ்சிப்படுறதோ? வழிவழிய கடைச் சாப்பாட்டைத் திண்டு உங்கட புண் வெடிச்சா, அந்தக் காட்டுக்க நான் ஆரைக் கூப்பிடுறது?"

"எனக்கு ஒண்டும் வராது."

"டொக்டர் சொன்னது பொய்யோ அப்ப?"

விற்பனைக்காரன் அப்பாவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே ஏதோ தேடுகிறவர்போலப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு சொல் போதும். பொய் என்று ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும்.

"நாங்கள் என்ன செத்தா போகப்போறம்? ஆறுதலாப் போவம்," என்றார் அம்மா. "உங்கட வயிறு கொஞ்சம் மாறட்டும், என்ர வீக்கமும் வத்தட்டும். ஓவனோடயே செய்யச் சொல்லுங்கோ."

வீட்டிலும் அப்பா விட்டுப் பார்த்தார். கரவனுக்குள் ஓவன் எரித்தால் புழுங்கும் என்றார். "யன்னலைத் திறக்கிறது." எறும்பு வரும் என்றார். "எறும்பு ஓவனுக்கோ வரும்? உங்களுக்கென்ன விசரே!" ஒருநாள் அப்பா டொக்டர் அங்கிளிடம் போய், "மச்சான், நான் சொல்லப்போறன், சொன்னாத்தான் அவ அந்த மற்றக் கரவனுக்குச் சம்மதிப்பா" என்று அழுதிருக்கிறார். "அவசரப்படாத, வசந்தம் வரைக்கும் தாங்குவா, இருக்கிற நிம்மதியைக் கெடுக்காத" என்று அங்கிள் திருப்பி அனுப்பியிருக்கிறார். மஞ்சள் கோடு போட்டதை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு ஓவனோடு ஒன்று செய்யச் சொல்லியாயிற்று.

குளிர் இறங்க அம்மாவின் கண்கள் மஞ்சளாகின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்று கம்பளிக்குக் கீழேயும் கால் குளிருது என்பார். நான் கால்மாட்டில் இருந்து பாதத்தைத் தேய்ப்பேன். கரவன் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். "வருகுது, வருகுது" என்பார் அப்பா. ஒரு பின்னேரம் அப்பா தேத்தண்ணி குடிக்க வெளியே போன நேரம் அம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நான் இஞ்ச கிடக்கிற சாட்டில கொப்பா பொரிச்சுத் திண்டுபோடுவார். தாச்சியை எடுக்க விடாத. என்ன? மீனைச் சுட்டுக் குடு." நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு அம்மா தெளிவாக எதுவும் பேசவில்லை. ஆடி முடியமுன் போய்விட்டார்.

கேள்விப்படுகிறவர்கள் எனக்குச் சொல்வார்கள்: "அவவுக்கு உள்ளுக்குத் தெரிஞ்சிருக்கும்." இல்லை, தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அலுமாரிக் கரவனில் அன்றைக்கே ஏறி உட்கார்ந்து, "எடுங்கோ காரை" என்று சொல்லியிருப்பார் என் அம்மா. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு கரவன் வந்தது. தெருவெல்லாம் வாட்டில் என்கிற மரம் மஞ்சளாகப் பூத்திருந்தது. கொண்டுவந்தவன் அப்பாவை உள்ளே ஏற்றி, ஓவனை எப்படிக் கொளுத்துவது என்று விளங்கப்படுத்தினான். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு இறங்கி வந்து கொட்டகைக்குள் விடச் சொன்னார். ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. நாங்கள் வடக்கே போகவும் இல்லை.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பள்ளிக்கூடம் முடிந்து, பல்கலைக்கழகம் போய், வேலைக்கும் போகத் தொடங்கும்வரை அப்பாவுக்கு மீனும் கத்தரிக்காயும் எண்ணெய் இல்லாமல் சுட்டுக் கொடுத்தேன். ஒருநாள் கத்தரிக்காய் கருகிவிட்டது. வேலையால் வந்த களைப்பில், "உங்கட வயித்தால எனக்குத்தான் தண்டனை" என்று கத்திவிட்டேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு வயித்தில ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஒருநாளும் இருக்கேல்லை." பிறகு தாழ்வாரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். "தவளை தன்ர வாயாலதான் கெடும். நான் கொம்மாவை என்ர வாயால மறிச்சு வைச்சிட்டன்." எனக்கு வந்த ஆத்திரத்தில் தாச்சியை எடுத்தேன். போத்தலில் இருந்த எண்ணெய் முழுவதையும் ஊற்றினேன். கத்தரிக்காயை முறுகப் பொரித்து அவருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். தின்னுங்கோ என்றேன். அப்பா கோப்பையை மெதுவாகத் தள்ளிவிட்டார்.

"கொம்மா வேண்டாமெண்டு சொன்னவ" என்றார்.

சாகும்வரை அவர் பொரியல் தொடவில்லை. அவரை மன்னித்தேனா என்றால், தெரியாது. சமைத்துப் போட்டேன்.

இப்போது டொக்டர்மார் எங்களிடமே நேரே சொல்கிறார்கள். போன வருடம் எனக்கு மார்பில் ஒரு கட்டி என்றபோது, என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். நல்ல வேளை, அது ஆபத்தில்லாத கட்டி. ஆனாலும் முடிவு வருவதற்கு முன்பே என் மைத்துனி டெலிபோனில், "பிள்ளையளுக்கு மூச்சும் விடாதேங்கோ" என்றாள். நான் போனை வைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

கரவனைப் பார்க்க ஓர் இளம் சோடி வந்தார்கள். பழையதுகளைத் திருத்தி ஓடுவது இப்போது நாகரிகமாம். அவன் சக்கரத்தைக் குனிந்து பார்க்க, அவள் உள்ளே ஏறி ஓவன் கதவைத் திறந்தாள். மட்டையைக் கண்டு ஆச்சரியப்பட்டாள். இதை ஒருநாளும் கொளுத்தவே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் எதற்கு ஓவன் வைத்த கரவன் வாங்கினீர்கள் என்று கேட்டாள். என் அப்பாவுக்கு வயிற்றில் வருத்தம் என்று அம்மா கேட்டுச் செய்வித்தது என்றேன்.

நல்ல பிள்ளை. குரலைத் தணித்துக்கொண்டு, உங்கள் அப்பாவுக்குப் பிறகு சுகம் வந்ததா என்று கேட்டாள்.

"அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை," என்றேன். "அம்மாதான் செத்துப்போனார்."

நான் அவளைத் தாண்டிக் கையை விட்டு, கம்பித் தட்டிலிருந்த மட்டையை வெளியே எடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். முதலில் வடக்கே என்றாள்.