மிச்சம் என்ற சொல்லும் நான் உயர்த்திய கையும்

இதை எழுதவேண்டும் என்று நினைத்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. கொப்பியை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். அந்தக் கொப்பியில் பிள்ளையார் சுழியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று என் மனைவி கேலி செய்வாள். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவன் கணக்குப் புத்தகம் தெரிவு செய்த கதையை எழுதினால் யார் வாசிப்பார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம். அந்தத் தெரிவில் பிழை விட்டவனும் நானேதான் என்பது மறுபக்கம். இந்த ஆடி வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் நிற்கும்போது, இனியும் தள்ளிப்போடக்கூடாது என்று மனம் சொல்லியது. எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கொட்டாஞ்சேனையில். நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு இலவசக் கணக்கு வகுப்பு நடக்கிறது, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும். பாடசாலையில் அரசாங்கம் கொடுக்கும் புத்தகம் இருக்கிறது. இந்த வகுப்புக்கு அதற்கு மேலே ஒரு பயிற்சிப் புத்தகம் வேண்டும், எல்லா வகுப்புக்கும் ஒரே வரிசையில். அதைத் தெரிவு செய்ய மூன்று பேரைக் கோயில் சபை கேட்டது. வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், அவரை எல்லாரும் சேர் என்போம். வகுப்பு எடுக்கும் டீச்சர். பெற்றார் சார்பில் நான். என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. என்னை ஏன் போட்டார்களென்றால், சனிக்கிழமை பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை அடுக்க நான்தான் முதலில் வருகிறவன். வேறு தகுதி ஒன்றும் கிடையாது.

மண்டபத்து மேசையில் மூன்று கட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். ஒன்று இந்தியாவில் அச்சடித்தது. அதில் இலட்சத்தை எழுதும்போது இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பரீட்சையில் போய் நின்று முழிப்பார்கள் என்று சேரும் டீச்சரும் ஒரே வாயாகச் சொல்லி அதை ஒதுக்கினார்கள். மற்ற இரண்டில்தான் இழுபறி. சேருக்குப் பிடித்தது கலர் அச்சு. கணக்குகள் நிறைய, எளிதிலிருந்து கஷ்டத்துக்கு ஒழுங்காகப் போகிறது, மூன்றிலிருந்து எட்டு வரை ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது என்றார். டீச்சருக்குப் பிடித்தது மங்கலான தாளில் கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் தாளை மடித்துப் பார், ஈர்க்குக் குச்சியை எண்ணிப் பார் என்று கையால் செய்ய ஏதாவது இருக்கிறது, எழுத இடமும் தாராளம் என்றார்.

"இப்ப ஒண்டுக்கு ஒண்டு. தம்பி, நீர் சொல்லும்," என்றார் சேர்.

சேருக்குப் பிடித்த புத்தகத்தின் அட்டையில் சரஸ்வதி அம்மாள், வெள்ளைத் தாமரையில், வீணையோடு. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. உள்ளே திறக்காமலே அந்தக் கட்டின் பக்கம் கையை உயர்த்தினேன்.

"அண்ணன் கணக்கைப் பாத்தாரா, அட்டையைக் கும்பிட்டாரா?" என்றார் டீச்சர்.

சேர் சிரித்தார். நானும் சிரித்தேன். கும்பிட்டதுதான் உண்மை.

அந்தப் புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து டீச்சர் ஒரு சிறு சோதனை வைத்தார். அதற்குப் பிறகு என் மகளை ஓரத்து மேசைக்கு மாற்றினார்கள். கழித்தல் வராத பிள்ளைகளுக்குத் தனியாகக் காட்டிக்கொடுக்கிற மேசை அது. டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். நாற்பது பிள்ளைகள், ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பது? ஆனால் பிள்ளைகள் அதற்கு ஆமை மேசை என்று பேர் வைத்துவிட்டார்கள். மூன்றாவது சனிக்கிழமை மகள் சட்டை மாற்றவில்லை.

"வகுப்புக்கு நேரமாச்சேம்மா," என்றேன்.

"நான் வரல்லப்பா. எனக்குக் கணக்கு வராது. அம்மாட்டயும் சொல்லிட்டேன்."

அழவில்லை. பல்லு விழுந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. ஒன்பது வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படி ஒரு முடிவு எடுத்துவிட்டால், பிறகு யார் போய் அதைத் திருப்புவது? வகுப்பை விட்டுவிட்டால் அந்த எண்ணம் அவளோடேயே வளர்ந்துவிடும்.

அன்றைக்கு நானும் போகவில்லை. சரஸ்வதி அட்டைப் புத்தகத்தை எடுத்து அவள் பக்கத்தில் இருந்தேன். உள்ளே பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஒரு கடையில் 45 மாம்பழங்கள் இருந்தன. 18 விற்கப்பட்டன. மிச்சம் எத்தனை?" அதன் கீழே அவள் 45 என்று எழுதியிருந்தாள், சிவப்பால் பிழை போட்டிருந்தது. அடுத்தது பஸ்ஸில் 32 பேர், 9 பேர் இறங்கினார்கள், மிச்சம் எத்தனை பேர். அவள் விடை 32. பக்கம் முழுக்க இப்படியே.

"ஏன்மா நாப்பத்தஞ்சு?"

"நாப்பத்தஞ்சு தானே மிச்சம்? பதினெட்டு கொஞ்சம்."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மனைவி தையல் ஃபாக்டரிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து மகள் வளர்ந்தது பக்கத்து முஸ்லிம் வீட்டு அக்காவிடம், ராத்தா என்போம். அங்கே மிச்சம் என்றால் நிறைய. மிச்சம் வெயில், மிச்சம் சந்தோசம், கல்யாணத்துக்கு மிச்சம் பேர் வந்தாங்க. எங்கள் வீட்டிலும் இப்போது அதே பேச்சுத்தான்.

"சரி, கடையில நாப்பத்தஞ்சு மாம்பழம், பதினெட்டு வித்துப் போச்சு. மீதி?"

"இருபத்தேழு," என்றாள், புத்தகத்தைப் பார்க்காமலே.

அம்மாளே, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். உன் முகத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காததற்கு என் பிள்ளை ஆமை மேசையில் இருக்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தையில் இறங்கி சேர் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தை விரித்துச் சொல்லச் சொல்ல, அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மிச்சம் எண்டா மிச்சம்தானே தம்பி. மிஞ்சினது. இதில பிள்ளை குழம்ப என்ன கிடக்கு?"

மகளின் விடையை விரலால் காட்டினேன். அந்த நேரம் சேரின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"சீனி போடட்டே?"

"போடுங்கம்மா. மிச்சம் சீனி வேணாம்."

அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. "மிச்சச் சீனியோ? ஆரும் விட்ட சீனியை நான் ஏன் உங்களுக்குப் போடப்போறன்? இப்ப பெட்டி உடைச்ச புதுச் சீனி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஐயோ, அப்பிடி இல்லம்மா, நிறையப் போடாதீங்கன்னு..."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"இஞ்சாரும்," என்றார் மனைவியிடம், "முப்பத்தைஞ்சு வருசம் கணக்குப் படிப்பிச்சன். நீர் ஒரு கரண்டி சீனியில படிப்பிச்சுப் போட்டீர்."

தேத்தண்ணி குடித்து முடித்து நான் எழும்பும்போது, "உம்மட மகளை வாற சனிக்கிழமை மண்டபத்துக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாரும். எனக்கு அவ வேணும்," என்றார்.

மகளிடம் வகுப்பு என்று சொல்லவில்லை. சேருக்கு உன்னிடம் ஒரு உதவி வேண்டுமாம் என்றேன். அதற்கு வந்தாள்.

சேர் பழைய இரண்டு புத்தகக் கட்டுகளையும் திரும்ப மண்டபத்து மேசையில் வைத்தார். வெள்ளவத்தைப் பிள்ளை ஒன்று, மட்டக்குளிப் பிள்ளை ஒன்று, என் மகள், மூன்று பேரையும் இருத்தினார். விடை வேண்டாம், கணக்கை வாசித்துவிட்டு அது என்ன கேட்கிறது என்று உங்கள் வீட்டில் கதைக்கிற மாதிரிச் சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றார். மகள் மாம்பழக் கணக்கை வாசித்து, "எதுல நிறைய இருக்குன்னு கேக்குது," என்றாள். டீச்சர் கையிலிருந்த பேனையை வைத்துவிட்டார். மகளைப் பார்த்து, "எங்கட பிழை, பிள்ள," என்றார்.

டீச்சரின் கறுப்பு வெள்ளைப் புத்தகமும் தப்பவில்லை. "ஒரு கடகத்தில் 24 பனங்கிழங்குகள்" என்று ஒரு கணக்கு. மட்டக்குளிப் பிள்ளை அதை வாசித்துவிட்டு, "சேர், அது என்ட ராசி," என்றது. யாழ்ப்பாணத்தில் கடகம் என்றால் ஓலைப்பெட்டி என்று சேர் சொல்லவேண்டி வந்தது. என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மண்டபத்தில் அவள் சிரித்து மூன்று வாரம் இருக்கும்.

கடைசியில் கறுப்பு வெள்ளைப் புத்தகத்தைத்தான் எடுத்தோம். அதில் மீதி என்றே இருந்தது, கடகத்தை டீச்சர் பென்சிலால் கூடை என்று மாற்றினார். இந்த முறை நான் மூன்றிலிருந்து எட்டு வரை ஒவ்வொரு பக்கமும் திருப்பிய பிறகே கையை உயர்த்தினேன். பாதி விளங்கவில்லை. விளங்காததைக் கேட்டேன். அன்றிலிருந்து அந்த வகுப்புக்கு எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் மூன்று பிள்ளைகள் வாசித்துச் சொல்லவேண்டும். ஓரத்து மேசையில் இப்போது தண்ணீர்ப் பானை இருக்கிறது. சரஸ்வதி அட்டைப் புத்தகங்களை எறிய மனம் வரவில்லை, நவராத்திரிக்குக் கும்பத்துக்குப் பக்கத்தில் வைக்கிறோம்.

மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் முதலாம் பிள்ளை இல்லை, ஆனால் வராது என்று சொல்வதில்லை. புதுக் கணக்கு ஒன்று கொடுத்தால், "இருங்க, என்ன கேக்குதுன்னு பாக்குறேன்," என்பாள். அம்மாள் எனக்குக் கொடுத்தது அது போதும்.

இதை வாசிக்கிறவர்கள், பிள்ளைகளுக்குப் புத்தகம் தெரிவு செய்கிற யாரையாவது தெரிந்தால் அவர்களிடம் கொடுங்கள். ஒரு வேண்டுதல். என் தமிழில் பிழை இருக்கும், திருத்தத் தோன்றும். தயவுசெய்து திருத்தாதீர்கள். நல்ல மனதோடு ஒருவர் மிச்சத்தை மீதியாக்கிவிட்டால், என் மகள் எழுதிய நாற்பத்தைந்து வெறும் பிழையாகத்தான் நிற்கும்.